நூற்றுக்கு நால்வர்

2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இந்திய மக்களில் நூற்றுக்கு நால்வர் தம் இருதயத் தசைக்குரிய ஒரு புரதத்தின் மரபணுவில் பரம்பரைக் குறையொன்றைத் தாங்கியிருக்கிறார்கள் என்றும், உலகெங்கும் அவ்வாறு தாங்கியிருப்போரின் தொகை ஆறு கோடி என்றும், அக்குறை இல்லாதாரைக் காட்டிலும் அவர்களுக்கு இருதயத் தசை வியாதி நேரும் அபாயம் ஏழு மடங்கு அதிகம் என்றும் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகை வெளியிட்ட ஆராய்ச்சி முடிவு, உலகத்துப் பத்திரிகைகள் பலவற்றில் தலைப்புச் செய்தியாயிற்று. நோயாளிகள் 800 பேரையும் நோயற்றவர்கள் 699 பேரையும் ஒப்புநோக்கி, அதன்பின் இந்நாட்டின் 107 சமூகங்களைச் சேர்ந்த 6,273 பேரின் இரத்தத்தைச் சோதித்து எழுதப்பட்ட அந்த ஆராய்ச்சி, அலட்சியமாய்ச் செய்யப்பட்ட காரியமன்று. ஆயினும் அதற்குப் பின் வந்த பத்துப் பதினோர் ஆண்டுகளில் அம்முடிவு எவ்வாறு நுணுகி ஆராயப்பட்டது, எந்த அளவுக்குத் திருத்தப்பட்டது என்ற செய்தியை முதற்செய்திக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கேனும் கொடுத்து வெளியிட்ட பத்திரிகை எதையும் நான் கண்டதில்லை. பயத்தை விளைவிக்கும் எண் ஜனங்களின் ஞாபகத்தில் தங்கிவிட்டது. பயத்தைத் தணிக்கும் விளக்கம் ஆராய்ச்சியாளரின் அலமாரியிலேயே நின்றுவிட்டது. இவ்விரண்டையும் சாராமல், இவ்வியாதியின் விஷயத்தில் நாம் செய்திருக்க வேண்டிய எளிய காரியமொன்றோ இன்றுவரை செய்யப்படவேயில்லை. அதைப்பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமெனினும், அப்புரதம் இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ளாமல் அங்கே போய்ச் சேர இயலாது.

தசை சுருங்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்தது 1954-இல். ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒருபுறமாகவும், முன்னவருக்கு யாதொரு உறவுமில்லாத ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறமாகவும் தனித்தனியே ஆராய்ந்து, 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்ட இரு கட்டுரைகளில், தசையின் இழைகள் தம்மளவில் குறுகுவதில்லை, ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்கின்றன என்ற உண்மை நிலைநாட்டப்பட்டது. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே நீளமுள்ள அறைகள், தசை நாரின் நெடுகிலும் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் மயோசின் என்னும் புரதத்தாலான தடித்த இழைகளும், ஆக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகளும் இடைகலந்து கிடக்கின்றன. மயோசினுக்குத் தலைகள் உண்டு. அத்தலைகள் மெல்லிய இழையைப் பற்றுவதும் இழுப்பதும் விடுவதுமாக இயங்க, அறை குறுகுகிறது. கோடிக்கணக்கான அறைகள் ஏககாலத்தில் குறுகும்போது இருதயம் ஒருமுறை துடிக்கிறது.

இழுப்பவனையும் இழுக்கப்படுவதையும் கண்டுகொண்ட விஞ்ஞானிகளுக்கு, அவ்விரண்டின் நடுவே மூன்றாவதாக ஒன்று நின்றுகொண்டிருப்பது புலப்பட மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1971-இல் லண்டனில் மயோசினைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஜெரால்ட் ஆஃபரும் அவருடைய சகாக்களும், எவ்வளவு சுத்தம் செய்தும் நீங்காத சில கலப்புகள் மயோசினோடு ஒட்டியே வருவதைக் கவனித்தார்கள். மின்சாரத்தைச் செலுத்திப் புரதங்களைப் பிரிக்கும் பாகுத்தகட்டில் தோன்றிய கோடுகளுக்கு ஏ, பி, சி என்று அடையாளமிட்டபோது, சி என்ற கோட்டில் நின்றது இப்புரதம். வேறொருவர் அழுக்கென்று கழித்துக்கட்டியிருக்கக்கூடிய அதனை ஆஃபர் தனியே எடுத்து ஆராயத் துணிந்தார். அந்தத் துணிவு இல்லையேல் இவ்வியாதியின் சரித்திரத்தில் பெரும்பகுதி இருளிலேயே இருந்திருக்கும். மயோசின்-பிணைப்புப் புரதம் சி என்பது அதன் முழுப்பெயர். சி-புரதம் என்று சுருக்கமாகவே இங்கு வழங்குவோம்.

அதன் தொழிலை விளக்குவதற்கு நம் ஊர்த் தேரோட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. வடம் பிடித்து இழுப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் வீதியை விட்டு விலகாமல் செல்வதும், மூலையில் திரும்புவதும், மிஞ்சிப் பாயாமல் நிதானிப்பதும், கடைசியில் நிலைக்கு வந்து நிற்பதும், சக்கரத்தடியில் குனிந்தபடியே முட்டுக்கட்டை போட்டும் எடுத்தும் வருகிற சிலரின் கையிலேயே இருக்கின்றன. இழுக்கும் மயோசின் தலைகளுக்குச் சி-புரதம் முட்டுக்கட்டை போடுகிறது. இருதயத்திலுள்ள சி-புரதம் பதினொரு கண்ணிகள் கோத்த சங்கிலிபோல் அமைந்தது. அதன் ஒரு நுனி தடித்த இழையில் ஆழப் பதிந்திருக்க, மறு நுனி மயோசின் தலைகளையும் எதிரேயுள்ள மெல்லிய இழையையும் எட்டித் தொடுகிறது. உடல் ஓய்ந்திருக்கும் வேளையில் மயோசின் தலைகளில் ஒரு பெரும் பங்கை அது மடக்கி உறங்க வைத்து, இருதயத்தின் எரிபொருள் வீணாகாமல் காக்கிறது. ஓடும்போதோ அஞ்சும்போதோ அட்ரினலின் சுரந்து பாய்ந்தவுடன், அப்புரதத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் பாஸ்பேட் அணுக்கூட்டம் வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும் பிடி தளர்ந்து, தலைகள் விழித்தெழுந்து, இருதயம் விரைந்தும் வலுத்தும் துடிக்கிறது. கை கால் தசைகளிலும் இதன் உடன்பிறந்த புரதங்கள் இரண்டு உண்டு. ஆனால் சங்கிலியின் முதற்கண்ணி இருதயத்திலுள்ளதற்கு மட்டுமே உரியது.

இனி வியாதியின் பக்கம் வருவோம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் சவ பரிசோதனை நிபுணராயிருந்த டொனால்ட் டியர், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிகள் அனுப்பிவைத்த உடல்களை அறுத்து ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். நல்ல தேக சௌக்கியத்தோடு நடமாடிவந்த இளவயதினர் எவ்வித முன்னறிவிப்புமின்றி விழுந்து இறந்த சில சம்பவங்களில், இருதயத்தின் இடப்புற அறையையும் வலப்புற அறையையும் பிரிக்கும் நடுச்சுவர் மட்டும் விபரீதமாகத் தடித்திருப்பதையும், அச்சுவரின் தசை நார்கள் ஒழுங்காக அடுக்கப்பெறாமல் தாறுமாறாய்ப் பின்னிக்கிடப்பதையும் அவர் கண்டு, 1958-இல் எழுதி வெளியிட்டார். முதலில் அது ஒருவகைக் கட்டியோ என்றுகூட எண்ணப்பட்டது. பிற்பாடு, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் வருவது தெரிந்து, பரம்பரை வியாதியென்று நிர்ணயமாயிற்று. இருதயத் தசைத் தடிப்பு நோய் என்று இதனைத் தமிழில் சொல்லலாம். ஆரோக்கியமான இருதயத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள சுவர், இவ்வியாதியில் ஒன்றரை சென்டிமீட்டரை எட்டுகிறது. சிலரிடம் மூன்றையும் தாண்டுகிறது. தடித்த சுவர் இரத்தம் வெளியேறும் வாயிலை அடைப்பதால் மூச்சிரைப்பும் மயக்கமும் உண்டாகும்; தாறுமாறான நார்களின் வழியே மின்துடிப்பு நெறிதவறி ஓடினால் கணப்பொழுதில் மரணம் சம்பவிக்கும். தடித்த தசையைச் செதுக்கியெடுக்கும் அறுவைச் சிகிச்சையை உருவாக்கிப் பலருக்கு உயிரளித்த அமெரிக்க நிபுணர் ஆண்ட்ரூ மாரோ, தாமே அந்த வியாதிக்கு ஆளாகி 1982-இல் காலமானார் என்பது வைத்திய சரித்திரத்தில் படிக்கும்போதெல்லாம் மனத்தை வருத்தும் செய்தி.

1990-இல் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள், மயோசின் மரபணுவில் ஏற்பட்ட எழுத்துப்பிழை ஒரு குடும்பத்தில் இவ்வியாதியை உண்டாக்குவதைக் காட்டினார்கள். 1995-இல் பாரிஸ் நகரத்தில் ஒரு குழுவினரும் பாஸ்டனில் ஒரு குழுவினரும் ஒரே சமயத்தில், பதினோராவது குரோமோசோமிலுள்ள சி-புரதத்தின் மரபணுவும் அதற்குக் காரணமாவதைக் கண்டனர். பாஸ்டன் கட்டுரையின் முதலாசிரியராயிருந்த ஹியூ வாட்கின்ஸின் பெயர் இக்கட்டுரையில் பிறகு மறுபடியும் வரும். இன்று, இவ்வியாதியுற்றோரில் மரபணுக் காரணம் தெளிவாகக் கண்டறியப்படுபவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருடைய குறை சி-புரதத்தின் மரபணுவில்தான் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மயோசினில் நேரும் பிழை, பிழையுள்ள புரதத்தை இழையில் சேர்த்து, நல்லதையும் கெடுக்கும் விஷம்போல வேலை செய்கிறது. சி-புரதத்தின் பிழைகளில் பெரும்பாலானவையோ, அரைகுறையான செய்தியை உண்டாக்க, உயிரணு அச்செய்தியைப் பயனற்றதென்று அழித்துவிடுகிறது. ஆகவே தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் வந்த இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே உழைக்க, புரதத்தின் அளவு குறைந்துபோகிறது. புரதம் குறைந்தால் தசை பலவீனப்படும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நடப்பது நேர்மாறு. பிடித்து நிறுத்துவது குறைந்தபடியால் உறங்கவேண்டிய மயோசின் தலைகள் விழித்துக்கொண்டு, இருதயம் அளவுமீறி வலுவாகச் சுருங்குகிறது. சுருங்கியபின் தளரவேண்டிய நேரத்தில் தளர மறுக்கிறது. ஓயாத மிகையுழைப்பால் எரிபொருள் விரயமாகிச் சுவர் தடிக்கிறது. இந்த விபரீதம் ஒரே நாளில் முற்றுவதில்லை. பேரன் இருபது வயதில் விளையாட்டு மைதானத்தில் விழுந்துபோக, அதே குறையைத் தந்த பாட்டனார் எழுபது வயதிலும் யாதொரு உபாதையுமின்றி நடமாடும் குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கணக்கின்படி ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இத்தடிப்பு காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சராசரி ஆயுளையே அடைகிறார்கள். இது மனிதருக்கு மட்டுமே உரிய வியாதியுமன்று. மெயின் கூன் என்னும் நீண்ட ரோமமுடைய பூனை ஜாதியில் இதே சி-புரதத்தின் முப்பத்தோராவது அமினோ அமிலம் மாறியிருப்பதால் இதே வியாதி வருவது 2005-இல் தெரியவந்தது. அதன்பின் மேல்நாட்டில் பூனை வளர்ப்போர் இனவிருத்திக்கு முன்னே மரபணுச் சோதனை செய்துகொள்கிறார்கள். மனிதருடைய விஷயம் அவ்வளவு எளிதில் தீர்வதன்று.

ஐஸ்லாந்திலும் ஹாலந்திலும் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஏதோ ஒரு மூதாதையரிடம் தோன்றிய சி-புரதப் பிழை, பரம்பரையாகப் பரவி, அந்நாட்டு நோயாளிகளில் பெரும்பங்கினரிடம் இன்று காணப்படுகிறது. நம் நாட்டுப் பிழை அவற்றைக் காட்டிலும் மிகத் தொன்மையானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இவ்வியாதியுற்ற குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து, சி-புரத மரபணுவில் இருபத்தைந்து எழுத்துக்கள் ஒருசேர விடுபட்டிருப்பதை 2003-இல் வெளியிட்டார்கள். விடுபட்ட இடம், புரதத்துக்கு நேராக உதவும் பகுதியன்று. பகுதிகளுக்கு இடையேயிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி. ஆனால் எங்கே வெட்டவேண்டும், எதனோடு எதை ஒட்டவேண்டும் என்று உயிரணுவுக்குக் காட்டும் குறியும் அங்கேயே இருந்தபடியால், அது போனதும் அடுத்துள்ள முக்கியப் பகுதியொன்றும் சேர்ந்து கழிக்கப்பட்டு, புரதத்தின் கடைசிக் கண்ணி உருமாறுகிறது. தடித்த இழையில் பதியவேண்டியது அந்தக் கடைசிக் கண்ணிதான். மதுரையில் பயின்ற தண்டபாணியும் சக்திவேல் சடையப்பனும், ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அயல்நாட்டார் பலரும் சேர்ந்து அவ்வாராய்ச்சியை விரித்ததன் பயனே, தொடக்கத்தில் சொன்ன 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை.

அவர்கள் கணிப்பின்படி அப்பிழை தோன்றியது ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன்பு. இன்றுள்ள ஜாதியும் மதமும் பாஷையும் எவையும் தோன்றாத காலம் அது. ஆகவே இது இன்ன ஜாதிக்குரிய குறை, இன்ன பாஷையினருக்குரிய குறை என்று விரல் நீட்ட எவருக்கும் இடமில்லை. இந்தியாவின் வடகிழக்கு மூலையை விடுத்து ஏனைய பாகங்களிலெல்லாம் அது காணப்படுகிறது. பாகிஸ்தானிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உண்டு. ஆராயப்பட்ட பிற தேசங்களில் இல்லை. இவ்வளவு தீங்கு செய்வது இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எப்படி நிலைத்தது என்று கேட்டால், தீங்கு நேருமாயின் அது பெரும்பாலும் மக்களைப் பெற்று வளர்த்த பிறகே நேர்வதால், இயற்கையின் சல்லடை அதைச் சலித்தெடுக்கவில்லை என்பதே அவர்கள் தந்த விடை.

அந்த விடை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பிழை அப்படியொன்றும் பெருந்தீங்கு செய்வதில்லை என்று இன்னொரு விடையும் சொல்லக்கூடும் என்பதைப் பத்திரிகைகள் எண்ணிப்பார்க்கவில்லை. எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறில் ஒருவருக்குத் தடிப்பு என்ற அமெரிக்கக் கணக்கு நமக்கும் ஏறக்குறையப் பொருந்துமெனக் கொள்வோம். ஐந்நூறு இந்தியரில் அப்பிழையைத் தாங்கியவர் இருபது பேர். நோயுற்ற அந்த ஒருவர் தவறாமல் இருபதின்மரில் ஒருவராகவே இருந்தாலும்கூட, மீதிப் பத்தொன்பதின்மருக்குத் தடிப்பு இல்லை என்றாகிறதல்லவா? 2018-இல், அப்போது அமெரிக்காவில் பணியாற்றிவந்த அதே சக்திவேல் சடையப்பனின் குழுவினர், அங்கு வாழும் தெற்காசியரைச் சோதித்து, இருபத்தைந்தெழுத்துப் பிழையைத் தாங்கியோரில் பத்தில் ஒருவர் அளவில் உள்ளவர்களிடம் அதே மரபணுவில் வேறொரு பிழையும் சேர்ந்திருப்பதையும், அவர்களுடைய இருதயமே மிகைவலுவுடன் துடிப்பதையும் கண்டனர். 2020-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து ஹியூ வாட்கின்ஸும் அவருடைய சகாக்களும், இதே குரோமோசோமில் அப்பிழையோடு கூடவே சிலரிடம் மட்டும் பயணம் செய்துவரும் மற்றோர் ஒற்றை எழுத்து மாற்றமே நோய்க்குக் காரணமென்றும், அம்மாற்றமுடையோரை விலக்கிவிட்டுக் கணக்கிட்டால் இருபத்தைந்தெழுத்துப் பிழை தனியே தடிப்பு நோயை மிகுவிப்பதாகத் தெரியவில்லை என்றும் அறிவித்தனர். குற்றவாளியோடு ஒரே வண்டியில் வந்தமையால் பிடிபட்ட சக பிரயாணி என்பதுபோலாயிற்று அதன் நிலை.

இதனால் மதுரையில் நடந்த ஆராய்ச்சி வீண் என்று எவரேனும் சொன்னால் அவர் விஞ்ஞானத்தின் நடை அறியாதவர். அந்தக் குரோமோசோமைச் சுட்டிக்காட்டியது மதுரை. அதற்குள்ளே எந்த எழுத்து என்று பிரித்துணர்ந்தது பின்வந்தோர் வேலை. அந்த வேலையில் முதல் அடி வைத்தவரும் மதுரையில் பயின்றவரே. நான் குறை சொல்வது விஞ்ஞானிகளை அல்ல. 'நூற்றுக்கு நால்வர்' என்ற எண்ணைத் திருத்தமின்றிக் கையிலேந்தி, எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் உங்கள் இருதயத்தின் விதியை எழுதித்தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வியாபாரத்தை. ஒரு வியாதியும் இல்லாத குடும்பத்தில் ஒருவருக்கு இப்பிழை இருப்பதாகச் சோதனை சொல்லுமாயின், அதனால் அவருக்கு விளையும் பிரயோஜனம் யாது? துக்கம் ஒன்றுதான்.

சிகிச்சையின் துறையிலும் கவர்ச்சியான செய்திகளே முன்னே நிற்கின்றன. 2017-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ஷூக்ரத் மிடாலிபோவ் என்னும் விஞ்ஞானி, மனிதக் கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டதாக அறிவித்தபோது உலகம் பரபரப்படைந்தது. அவர் திருத்தியது சி-புரதத்தின் மரபணுவையே என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். ஐம்பத்தெட்டுக் கருக்களில் நாற்பத்திரண்டு பிழையின்றி அமைந்தன என்றார் அவர். திருத்தமா, அல்லது குரோமோசோமில் ஒரு துண்டே காணாமற்போனமையால் பிழை கண்ணுக்குப் புலப்படவில்லையா என்று பிற விஞ்ஞானிகள் எதிர்வாதம் செய்தார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் குறையிருந்தால் கருக்களில் சரிபாதி இயல்பாகவே குறையற்றிருக்குமாகையால், அவற்றுள் நல்லதைத் தேர்ந்தால் போதாதோ, மரபணுவை வெட்டும் கத்திரிக்கோலுக்கு என்ன அவசியம் என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான சமாதானம் கிடைக்கவில்லை. மரபணுவைக் கிருமியின் கூட்டில் ஏற்றி இருதயத்துக்கு அனுப்பும் சிகிச்சை வேறு வகை. தசைச் சிதைவு நோயில் குறைபடும் டிஸ்ட்ரோபின் புரதத்தின் செய்தி பதினோராயிரம் எழுத்துக்களைக் கடந்து நீள்வதால் அக்கூட்டில் அடங்குவதில்லை. சி-புரதத்தின் செய்தி நாலாயிரத்துக்கும் குறைவானபடியால் முழுமையாக அடங்கிவிடுகிறது. அவ்வாறு அதை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்க்க 2023-இல் தொடங்கிய சோதனை நம்பிக்கையோடு கவனிக்கத் தக்கது. இவை யாவற்றிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது மாவாகாம்டென் என்னும் மாத்திரை. சி-புரதம் செய்யத் தவறிய வேலையை, அதாவது மயோசின் தலைகளை ஓய்ந்திருக்கச் செய்யும் வேலையை, அம்மருந்து செய்கிறது. 2022-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதியளித்தபோது அதன் விலை ஓராண்டுக்கு 89,500 டாலர்.

இவ்வளவு பொருட்செலவும் சாமர்த்தியமும் வேண்டாத காரியமொன்றை இனிச் சொல்கிறேன். இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளை கபடி ஆடுமிடத்திலோ, பந்தயத்திலோ, உறங்கிய படுக்கையிலோ இறந்துபோகிறான். மாரடைப்பு என்று ஊரார் சொல்லுகிறார்கள். போலீஸாருக்குச் சந்தேகம் எதுவுமில்லையாகையால் சவ பரிசோதனை இல்லை. அன்று மாலையே தகனம் முடிகிறது. டொனால்ட் டியர் இவ்வியாதியைக் கண்டதே, காரணம் தெரியாத மரணத்தை அறுத்துப் பார்க்காமல் விடுவதில்லை என்ற இங்கிலாந்து நாட்டு விசாரணை முறையால் அல்லவா? அறுப்பதற்கு நம் குடும்பங்கள் ஒப்புவதில்லை என்பது மெய்யே. பெற்ற வயிறு எரியும்போது அதைக் கேட்பதும் எளிதன்று. ஆனால் அவனுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், தங்கை இருக்கிறாள், சித்தப்பாவின் மக்கள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்பவர் எடுத்துச் சொன்னால் ஒப்புவோரும் உண்டு. சொல்லவேண்டிய பொறுப்பு இன்று எவருடையதாகவும் இல்லை. நாற்பது வயதுக்குட்பட்டோரின் காரணமறியாத திடீர் மரணம் ஒவ்வொன்றிலும் அது மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் பொறுப்பென்று ஓர் ஆணை பிறப்பிக்கப்படுமாயின் அதுவே பெரிய தொடக்கமாகும். சவ பரிசோதனை நடவாமற்போனாலுங்கூட, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அழைத்து ஓர் ஈ.சி.ஜி.யும் ஓர் எக்கோவும் எடுத்துப் பார்க்கத் தடையென்ன? தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; எக்கோ இயந்திரம் இருக்கிறது. தடித்த சுவர் தென்பட்டால், கடும் போட்டி விளையாட்டுக்களைத் தவிர்ப்பதும், அபாயம் மிகுந்தோருக்கு மின்னதிர்ச்சி தரும் சாதனத்தை மார்பில் பொருத்துவதும் உயிர்காக்கும் வழிகள். ஒருமுறை பார்த்து நன்றாயிருக்கிறது என்று அனுப்பிவிடுவதும் சரியன்று. வளரும் பிள்ளைகளுக்கு ஓரிரண்டு ஆண்டுக்கொருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்தாண்டுக்கொருமுறையும் திரும்பப் பார்ப்பதே நிபுணர்களின் விதி. மரபணுச் சோதனைக்கு இடம் இங்கேதான் வருகிறது. நோயுற்றவரிடம் பிழை இன்னதென்று முதலில் நிச்சயித்துக்கொண்டால், அது இல்லாத உறவினரை இந்த நீண்ட கண்காணிப்பிலிருந்து விடுதலை செய்யலாம்.

நம்மூருக்கே உரிய ஒரு விஷயத்தையும் இத்தோடு சேர்த்து நினைக்கவேண்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இரத்த உறவிலேயே மணந்தவர்கள். அமெரிக்காவில் தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் ஆமிஷ் கிறிஸ்தவ சமூகத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் சி-புரதத்தின் ஒரே பிழையைப் பெற்ற சிசுக்கள் ஓராண்டு நிறையுமுன்பே இறந்த துயரம் பதிவாகியிருக்கிறது. நூற்றுக்கு நால்வர் தாங்கியிருக்கும் ஒரு பிழை, உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் மக்களில் 2,500 பேருக்கு ஒருவரிடம் இரட்டையாய்ச் சேரும். மாமன் மகளை மணந்தால் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர். அக்காள் மகளை மணந்தால் 350 பேருக்கு ஒருவர். இருபத்தைந்தெழுத்துப் பிழை இரட்டையாய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே இதுவரை ஆராயப்பட்டிருப்பதால் இக்கணக்கைக் கொண்டு எவரையும் நான் பயமுறுத்தவில்லை. உறுதியான நோயுண்டாக்கும் பிழை உள்ளதென்று தெரிந்த குடும்பத்தில் மட்டும், முறைப்பெண் முறைமாப்பிள்ளை என்று பேச்செடுக்கும் முன்னர் வைத்தியரின் வார்த்தையையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. ஜாதகம் பார்க்க ஆகும் நேரமே அதற்கும் ஆகும்.

குடும்பங்கள் சோதனைக்கு முன்வரத் தயங்குவதற்குப் பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற கவலை ஒரு காரணம், காப்பீடு மற்றொன்று. இதே தடிப்பு நோயுற்ற ஒருவருக்கு, அது பரம்பரை வியாதியென்று சொல்லி ஒரு காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுத்த வழக்கில், பரம்பரை வியாதிகளை ஒட்டுமொத்தமாக விலக்கும் நிபந்தனை அரசியல் சாசனத்தின் பதினான்காம் ஷரத்துக்கு விரோதமானது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மறு மாதமே, அந்தக் காரணத்தைக் காட்டிக் கோரிக்கைகளை நிராகரிக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாரபட்சம் செய்யலாகாதென்று அமெரிக்கா 2008-இலேயே சட்டம் இயற்றிக்கொண்டது. அதிலும் ஆயுள் காப்பீடு சேரவில்லை. நம் பாராளுமன்றம் அப்படியொரு தனிச் சட்டத்தை இன்னும் இயற்றவில்லை. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில், உடன்பிறந்தார் எவரேனும் இளவயதில் இறந்ததுண்டா, என்ன காரணம் என்ற கேள்வி இருக்கிறது. தம்பியின் மரணத்துக்குப் பின் எக்கோவும் மரபணுச் சோதனையும் செய்துகொண்டு, சுவர் தடிக்கவில்லை, பிழை மட்டும் இருக்கிறது என்று அறிந்துகொண்ட அண்ணன், அக்கேள்விக்கு உண்மையாக விடையெழுதினால் அவனுக்குக் காப்பீடு கிடைக்குமா, எந்தத் தவணைக்குக் கிடைக்கும் என்பதை இன்று நிர்ணயிப்பது நிறுவனத்தின் விருப்பமேயன்றிச் சட்டமன்று.